உலாவிக்குள் பைதனுக்கு ஏன் ஒரு கதிரை போடவில்லை?

கேள்வி

"அக்கா, உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கிறேன். பாடத்தில் நிரல் எழுதுவது பைதன் மொழியில்தான். வீட்டில் கணினி இல்லை, போன் மட்டும்தான். ஒரு வெப்பக்கம் செய்யலாம் என்று போனால் எல்லாரும் ஜாவாஸ்கிரிப்ட் படி என்கிறார்கள். குரோம் உலாவிக்காரர் பைதனையும் உள்ளே போட்டுவிட்டால் முடிந்ததுதானே? இவ்வளவு பெரிய கொம்பனிகளுக்கு அது ஒரு வேலையா? சோம்பல் என்றுதான் எனக்குப் படுகிறது."

ஜூன் 7, சனி, இரவு 10.15

சோம்பல் இல்லை, தம்பி. பைதனை உள்ளே வைப்பது ஒரு மாத வேலை என்று வைத்துக்கொள். வைத்ததை இருபது வருடம் கட்டி இழுப்பது யார்? இணையத்தில் ஒரு தடவை உள்ளே விட்டதை வெளியே அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஒன்றுமில்லை' என்று குறிக்கும் 'நல்' (null) என்ன வகை என்று கேட்டுப் பார். 'ஒப்ஜெக்ட்', அதாவது ஒரு பொருள், என்று பதில் வரும். அது பிழை என்று எல்லாருக்கும் தெரியும். திருத்தலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. திருத்தினால் பழைய பக்கங்கள் உடையும் என்று கைவிட்டார்கள். தொடக்க காலத்தில் விழுந்த பிழை இன்றைக்கும் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தொடக்கமே அவசரம். அந்தக் காலத்தில் உலாவி செய்த நெட்ஸ்கேப் கொம்பனி பிரெண்டன் ஐக்கை வேலைக்கு எடுத்தபோது, உலாவிக்குள் ஸ்கீம் மொழியைச் செய்யலாம் என்றுதான் ஆசை காட்டியது. ஆள் வந்து சேர்ந்ததும் 'பார்க்க ஜாவா மாதிரி இருக்க வேண்டும்' என்று கதை மாறியது. 1995 மே மாதம் பத்து நாளில் முதல் வடிவம் தயார். பெயர் மோக்கா. பிறகு லைவ்ஸ்கிரிப்ட், டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க மேசன் பாஸ் எடுத்தது பதினேழு நாள்.

ஆக, உலாவிக்குள் தொடக்கத்திலிருந்தே ஒரே மொழிதான். மற்ற எல்லாம் அதைச் சுற்றிக் கட்டியது. நித்திரை வருகிறது, மிச்சம் நாளைக்கு.

ஜூன் 8, ஞாயிறு, காலை 7.30

மேலே கடைசிப் பந்தி பிழை. பிளேன்டீ ஊற்றும்போதுதான் உறைத்தது. ஒரே மொழியாம்! நானே இரண்டாவது மொழியோடு ஒன்றரை வருடம் மாரடித்தவள்.

1996இல் மைக்ரோசொப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 வந்தபோது ஜேஸ்கிரிப்ட்டோடு (அவர்களுடைய ஜாவாஸ்கிரிப்ட்) விபிஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழியும் சேர்ந்தே வந்தது. பக்கத்தில் ஸ்கிரிப்ட் குறியைத் திறக்கும்போது 'டைப்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அது அழகுக்கு வைத்தது அல்ல. எந்த மொழி என்று சொல்வதற்கு வைத்தது. 1997 டிசம்பரில் வந்த, வெப்பக்கம் எழுதும் முறையான எச்டிஎம்எல் 4இன் விவரக்குறிப்பில், அந்த இடத்துக்கான உதாரணங்களில் டிசிஎல் மொழியையும் விபிஸ்கிரிப்ட்டையும் எழுதியிருக்கிறார்கள். அதாவது, கதிரை போட்டுத்தான் வைத்திருந்தார்கள். வந்து உட்கார ஆள் இல்லை.

பைதனும் அப்போதே வாசல்வரை வந்தது. பைதனை உருவாக்கிய கைடோ வான் ராசம் தொண்ணூறுகளின் நடுவில் கிரெயில் என்று ஓர் உலாவியே எழுதினார், பைதனிலேயே. பக்கத்தோடு வரும் பைதன் துண்டுகளை அது ஓட்டும். உன் ஆசைக்கு முப்பது வயது, தம்பி. உன்னைவிட மூத்தது.

சரி, என் ஒன்றரை வருடம். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ஊழியர்களின் ஓவர்டைம் கணக்குக்கு உள் பக்கம் ஒன்று இருந்தது. முழுக்க விபிஸ்கிரிப்ட். எழுதியவர் எப்போதோ கனடா போய்விட்டார். எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும். பயர்பொக்ஸில் திறந்தால் வெறும் பட்டன்கள், அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். அதை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது: 'ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போ என்று பொருள். போயா விடுமுறை நாளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பெருக்கல் தோற்றுப்போகும். தோற்றால் பழைய மதிப்பே மிஞ்சும். முந்தின ஆளின் தொகை அடுத்த ஆளுக்குப் போகும். எத்தனை மாதம் அப்படி ஓடியதோ. கூடுதலாக வாங்கியவர் யாரும் வந்து முறையிடவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அதே நாள், மாலை 5.00

வாசித்துப் பார்க்கும்போது விபிஸ்கிரிப்ட் மொழியையே திட்டியமாதிரி இருக்கிறது. நியாயமில்லை. அந்த வரியை எழுதியது மொழி அல்ல, கனடாக்காரர்.

அந்த மொழி தோற்றது ஒரு கொம்பனியின் உலாவியில் மட்டும் ஓடியதால். மொழி எவ்வளவு வடிவாக இருந்தாலும், வருகிற ஆட்களில் பாதிப் பேருக்குப் பக்கம் வேலை செய்யாது என்றால் யார் அதில் எழுதுவார்கள்? பிறகு அது கிடந்து பாதுகாப்பு ஓட்டையாகவே மாறியது. யாரும் புதிதாக எழுதாத, ஆனால் இன்னும் உள்ளே இருக்கிற எந்திரம். 2018இல் அதன் வழியாகக் கணினிகளுக்குள் புகுந்தார்கள். 2019இல் இணையப் பக்கங்களுக்கு அதை அடைத்து வைத்தார்கள். 2023இல் விண்டோஸிலிருந்தே எடுக்கப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. வந்த வழியே திரும்பிப் போக இருபத்தேழு வருடம். நேற்று 'வெளியே அனுப்புவது லேசில்லை' என்றேனே, அது சரிதான்.

ஜூன் 9, திங்கள், மதியம் 1.10

மீன் பணிஸ் ஒரு கையில், போன் ஒரு கையில். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

'பெரிய கொம்பனிக்கு அது ஒரு வேலையா' என்று கேட்டாய். கூகுளே முயன்று பார்த்தது. 2011 ஒக்டோபரில் டார்ட் என்ற மொழியை வெளியிட்டார்கள். குரோமுக்குள் அதற்குத் தனி எந்திரம் வைப்பது திட்டம். அப்போது குரோமும் ஆப்பிளின் சஃபாரியும் வெப்கிட் என்ற ஒரே அடித்தளத்தில் நின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி எந்திரங்களைத் தாங்குமாறு வெப்கிட்டை மாற்றலாமா என்று அந்த வருட இறுதியில் கூகுள் தரப்பு கேட்க, ஆப்பிள் பொறியாளர்கள் ஒரேயடியாக எதிர்த்தார்கள். பொறாமை, போட்டி என்று அப்போது நானும் நினைத்தேன். காரணங்களை வாசித்தபோது வாயடைத்துவிட்டது.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரே பிளட்டில் இரண்டு குடும்பம், ஒரே பிரிட்ஜ். பழைய கறிச்சட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. இவள் அது அவர்களுடையது என்று தொடமாட்டாள். அவர்கள் இவளுடையது என்று தொடமாட்டார்கள். சட்டி அங்கேயே கிடந்து நாறும். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பட்டனும் பந்தியும் அந்தப் பிரிட்ஜில் உள்ள சட்டிதான். பாவித்து முடிந்த பொருள்களை நினைவகத்திலிருந்து எறிகிறதுதான் குப்பை சேகரிப்பான். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று, டார்ட்டுக்கு இன்னொன்று. பட்டன் டார்ட் பொருளைப் பிடித்திருக்கிறது, டார்ட் பொருள் பட்டனைப் பிடித்திருக்கிறது. இரண்டு சேகரிப்பானும் 'மற்ற ஆள் பாவிக்கிறார்' என்று விட்டுவிடும். நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும். இதைச் சமாளிக்க நடுவில் ஒரு கணக்குப்பிள்ளையை வைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் பாவிக்கிறவனின் பக்கமும் சேர்ந்து மெதுவாகும்.

2013இல் கூகுள் வெப்கிட்டை விட்டுப் பிரிந்து பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. அப்போதாவது டார்ட்டை வைத்தார்களா? இல்லை. 2015 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, டார்ட்டை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றித் தருவதோடு நின்றுகொண்டார்கள். சொந்த வீட்டில்கூடக் கதிரை போடவில்லை.

பணிஸ் முடிந்தது.

திங்கள், இரவு

உலாவிக்குள் தனியாக நிறுவுகிற மைக்ரோசொப்ட்டின் சில்வர்லைட்டைச் சொல்ல விட்டுவிட்டேன். 2008இல் வந்த சில்வர்லைட் 2இல் பைதன், ரூபி மொழிகளின் வடிவங்களான அயர்ன்பைதன், அயர்ன்ரூபி இரண்டையும் உலாவிக்குள் ஓட்டலாம். வளாகத்தில் இறுதி வருடச் செயற்திட்டத்துக்கு நான் அதைத்தான் எடுத்தேன். பரீட்சகர்கள் முன்னால் திறந்தால், என் பக்கத்துக்குப் பதிலாக 'சில்வர்லைட்டை நிறுவவும்' என்று நீலப் பெட்டி. ஆய்வுகூடக் கணினியில் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. மிச்சத்தைச் சொல்லமாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய், போசன் போயா, காலை 11.00

இன்றைக்கு விடுமுறை, ஆறுதலாக எழுதலாம். தெரு முனையில், வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலுக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள், கடலை அவிக்கிற வாசம் இங்கேவரைக்கும் வருகிறது.

இதுவரை சொன்ன எல்லாரும் உலாவிக்காரனிடம் போய் அனுமதி கேட்டவர்கள். கேட்காமலே உள்ளே போகிற வழி பிறகு வந்தது. அதுதான் வெப்அசெம்பிளி. மனிதர் எழுதுகிற மொழி இல்லை அது. சி, ரஸ்ட் மாதிரி மொழிகளில் எழுதியதை மாற்றி இறக்குகிற தாழ்நிலை வடிவம். 2017 முடிவதற்குள் நான்கு பெரிய உலாவிகளும் அதை ஏற்றுக்கொண்டன. பைதனின் எந்திரமே சி மொழியில் எழுதியதுதானே? அப்படியே அதை வெப்அசெம்பிளியாக மாற்றிவிட்டால், ஒரு படத்தை இறக்குவதுபோல பக்கம் பைதனையே இறக்கிக்கொள்ளும். 2018இல் மொஸில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கிய பையோடைடு இதைத்தான் செய்கிறது. 2022 ஏப்ரல் முடிவில், அதன்மேல் கட்டிய பைஸ்கிரிப்ட்டை அனகொண்டா கொம்பனி அறிமுகப்படுத்தியது. எச்டிஎம்எல்லுக்கு நடுவிலேயே பைதன் எழுதலாம்.

2022 ஏப்ரல் என்றால் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. அந்தச் செய்தியை நான் வாசித்தது லப்டொப்பில் பதினெட்டு சதவீதம் பற்றரி இருக்கும்போது. வாசித்து முடிக்க மனம் வந்தது, ஓட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பிறகு அம்மா வீட்டு முன்னறையில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியபோது அது கைகொடுத்தது. ஆறு பிள்ளைகள். நான்கு பேரிடம் போன் மட்டும். கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் பழைய லப்டொப் விலை கேட்டுவிட்டு வந்த அப்பாமார் வேறு கதை கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே போன்தான். ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். மேலே எழுதுகிற பெட்டி, கீழே 'ஓட்டு' என்று பட்டன். நிறுவ ஒன்றும் இல்லை. நான்கு போனிலும் பைதன். முதல் நாள் எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகவே.

இரண்டாம் நாள் விளங்கியது, உலாவிக்குள் பைதன் விருந்தாளிதான் என்று.

உயர்தரப் பயிற்சிக் கேள்விகளில் பாதி 'இன்புட்' என்றுதான் தொடங்கும். புள்ளிகளைக் கேள், சராசரி சொல். பைதன் அந்த வரியில் நின்று காத்திருக்கும். உலாவிப் பக்கத்துக்குக் காத்திருக்கத் தெரியாது. அதற்கு வேலைகளை வரிசையாகச் செய்யும் ஒரே ஒரு பிரதான இழைதான். அது நின்றால் பக்கமே நிற்கும். நின்று காத்திருக்க அனுமதி உள்ள ஒரே ஆள், திரை நடுவில் குதிக்கும் அந்தப் பழைய கேள்விப் பெட்டி. பையோடைடு அதைத்தான் பிடித்துக்கொண்டது. பத்துப் பாடத்துக்குப் புள்ளி கேட்டால் பத்துத் தடவை பெட்டி குதிக்கும். "மிஸ், இது வைரஸா?" என்று ஒரு பிள்ளை போனைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அடுத்தது, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'வைல்' வளையப் பாடம். ஒருவன் எண்ணைக் கூட்ட மறந்துவிட்டான், வளையம் முடிவதாயில்லை. கணினியில் என்றால் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டுவோம். போனில் பக்கம் உறைந்தது, எழுதியதும் சேர்ந்து போனது. பைதனை ஒரு வேர்க்கருக்குள், அதாவது பின்னால் தனி இழையில், ஓட வைத்தால் பக்கம் உறையாது. ஆனால் அங்கிருந்து பக்கத்தின் பட்டன்களை நேரே தொட முடியாது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கும்.

பட்டனுக்குப் பைதன் செயற்கூறு ஒன்றை மாட்டினேன். அழுத்தினால், அந்த இணைப்பு ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று சிவப்பில் பதில். நேற்றைய பிரிட்ஜ்தான்! பைதன் தன் சட்டியைத் தானே எண்ணி எறிகிறது, ஜாவாஸ்கிரிப்ட் அதை இன்னும் பிடித்திருப்பது அதற்குத் தெரியாது. 'இது என்னுடையது, எறியாதே' என்று நான் கையால் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. 2011இல் ஆப்பிள்காரர் சொன்னதை ஒரு சனிக்கிழமை காலை என் முன்னறையில் அனுபவித்தேன்.

பாரத்தையும் சொல்ல வேண்டும். பையோடைடு சுருக்கி அனுப்பினாலும் பல எம்பி. நம்பை, பாண்டாஸ் என்று துணை நூலகங்களுக்குப் போனால் அதற்கு மேலும். பகல் டேட்டாவில் இறக்கச் சொன்னால் பிள்ளைகள் என்னைப் பார்க்கிற பார்வை வேறு. இரவு நேர டேட்டாவான நைட்டைமில் இறக்கி வையுங்கள் என்றேன். ஒரு தடவை இறங்கினால் போதும், அப்புறம் எந்தத் தளத்தில் பைதன் வந்தாலும் உலாவி சேமித்து வைத்ததையே எடுத்துக்கொள்ளும்.

செவ்வாய், இரவு 9.00

கடைசி வசனத்தை வெட்டிவிடு. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு தளம் இறக்கிய கோப்பை இன்னொரு தளமும் பாவிக்கும். எது எவ்வளவு கெதியாக வருகிறது என்று பார்த்தே நீ முன்பு எந்தத் தளத்துக்குப் போனாய் என்று உளவு பார்க்கலாம் என்பதால், குரோம் 2020இலும் பயர்பொக்ஸ் 2021இலும் சேமிப்பைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டன. இப்போது பத்துத் தளத்தில் பைதன் என்றால் பத்துத் தடவை இறங்கும். தனியுரிமைக்கு நல்லது, ரீலோட் போடுகிற அப்பாவுக்குக் கூடாது.

உன் கேள்விக்கு இருக்கிற நியாயமும் இங்கேதான். உலாவியோடு சேர்ந்தே பைதன் வந்தால் ஒரு தடவைதான் இறங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பதிப்பு? 3.11ஆ 3.13ஆ? ஜாவாஸ்கிரிப்ட்டில் பழையது எதுவும் உடையக்கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். பைதன்காரர் 2இலிருந்து 3க்குப் போனபோது என்ன செய்தார்கள் என்பது உலகம் அறிந்தது. 'பிரிண்ட்' என்பதற்கே அடைப்புக்குறி கேட்டார்கள், பழைய நிரல்கள் உடைந்தன. 2008இல் ஒரு பைதன் 2 உலாவிக்குள் போயிருந்தால் இன்றைக்கும் அது அங்கேயே இருந்திருக்கும், விபிஸ்கிரிப்ட் மாதிரி.

என் வகுப்புக்குப் பிறகு மைக்ரோபைதனுக்கு மாறினேன். சின்னச் சில்லுகளுக்கென்று செய்த பைதன், சில நூறு கேபிதான். உயர்தரப் பாடத்துக்கு அது தாராளம்.

தன்சல் கடலை கிடைத்தது. உப்புக் கூட.

ஜூன் 12, வியாழன்

தம்பி திரும்பக் கேட்கிறான்: "அக்கா, அப்படியென்றால் தமிழிலேயே எழுதுகிற மொழியை உலாவிக்குள் கொண்டுவரலாமா?"

கொண்டுவரலாம். எழில் என்று தமிழ் நிரல்மொழி ஒன்று இருக்கிறது, அதன் எந்திரமே பைதனில் எழுதியது. ஆனால் எனக்குத் தனிப்பட்ட முறையில் 'இஃப்'பைத் தமிழாக்குவதில் பெரிய ஆர்வம் இல்லை. பைதனில் அப்படிப்பட்ட சொற்கள் முப்பத்தைந்து. ஒரு கிழமையில் பாடமாகிவிடும். நாம் வைக்கிற பெயர்களைத் தமிழில் வைக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். ஜாவாஸ்கிரிப்ட், பைதன் 3 இரண்டிலும் முடியும். மொத்தம், விலை, கொழும்பு என்று தாராளமாக வைக்கலாம்.

கொழும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயரால் நான் இரண்டு நாள் பைத்தியமாகத் திரிந்தேன்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரி ஒருவர். கடைகளுக்குப் பொதி அனுப்புகிறவர். பதினைந்து வருட விலாசப் பட்டியல் முழுக்கப் பழைய பாமினி எழுத்துருவில். அதை இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றி, ஊருக்கு ஏற்ப அனுப்பு கட்டணம் போடும் பக்கம் கேட்டார். மாற்றியை நானே எழுதினேன், ஜாவாஸ்கிரிப்ட்டில். யாழ்ப்பாணம் சரி. கண்டி சரி. மட்டக்களப்பு சரி. கொழும்புக்கு மட்டும் வெளியூர்க் கட்டணம். புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, நடந்து போகிற தூரத்துக்கு, வெளியூர்க் கட்டணம்! முதலாளி பகிடி என்றுதான் முதலில் நினைத்தார்.

பட்டியலில் கொழும்பு, கட்டண அட்டவணையிலும் கொழும்பு. திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. கடைசியில் நீளம் கேட்டேன். ஒன்று 8, மற்றது 9.

பாமினியில் 'கொ' அடிக்க மூன்று விசை: கொம்பு (ெ), க, அரவு (ா). யுனிகோடில் கொம்பு க-வுக்குப் பின்னால் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதை நகர்த்தினேன். அரவை அப்படியே விட்டேன். ஆக என் 'கொ' என்பது க, கொம்பு, அரவு. போனில் அடிக்கிற 'கொ'வில் கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பட்டியலைத் தேடிப் பார்த்தால் கொக்குவில், கோண்டாவில், பொலன்னறுவை, தொண்டைமானாறு எல்லாம் அந்தப் பக்கத்தில் நின்றன. ஒகர ஓகார ஊர்கள் மொத்தமும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், யுனிகோடு இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்று வரையறுத்திருக்கிறது. பைதன் அதை மதித்துச் சமப்படுத்துகிறது, ஜாவாஸ்கிரிப்ட் கண்டுகொள்வதில்லை. இரண்டு விதமாகவும் 'கொழும்பு' என்று பெயர் வைத்துப் பார். ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டு வேறு மாறிகள். கண்ணெதிரே எழுதி வைத்த பெயரை 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும். பைதனில் ஒன்றே. தமிழுக்கு உலாவிக்குள் பைதன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வெள்ளி, காலை 6.50

நேற்றைய வீராவேசம் ராத்திரி நித்திரையில் பிசகியது. எழும்பி ஓட்டிப் பார்த்தேன்.

பைதன் சமப்படுத்துவது நாம் வைக்கிற பெயர்களை மட்டும். மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லைத் தொடாது. என் புறக்கோட்டைப் பட்டியல் பெயர் அல்ல, தரவு. அதைப் பைதனில் எழுதியிருந்தாலும் 8, 9 என்றுதான் வந்திருக்கும், முதலாளிக்கு அதே வெளியூர்க் கட்டணம்தான். இரண்டு மொழியிலும் சமப்படுத்தச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்த வசதி 2015இலிருந்து இருக்கிறது. எனக்குத் தெரியாதது மொழியின் குற்றமா?

இன்னும் மோசம். கொழும்பில் எத்தனை எழுத்து என்று பிள்ளையைக் கேட்டால் நான்கு என்கும். பைதன் எட்டு என்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டும் எட்டு. ஆனால் உலாவியோடு கூடவே வருகிற, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் 'இன்ட்ல் செக்மென்டர்' (Intl.Segmenter) கருவியைக் கேட்டால் கொ, ழு, ம், பு என்று நான்காகப் பிரித்துத் தரும். குரோமில் 2020இலிருந்து, பயர்பொக்ஸில் 2024 ஏப்ரலிலிருந்து. பைதன் 3.13வரை அதோடு வந்த நூலகத்தில் அப்படி ஒன்று இல்லை, வெளியே தேடி எடுக்க வேண்டும். நேற்று நான் சொன்ன நல்ல காரணம் இன்றைக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது.

ஜூன் 15, ஞாயிறு, மாலை

லுவா சின்ன மொழிதானே, அதை வைக்கலாமே என்று ஒபிசில் ஒருவர். வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய லுவா எந்திரம் ஃபெங்காரி இருக்கிறது. பிரிட்ஜ் அதே பிரிட்ஜ்தான்.

2023 கடைசியில் குரோமும் பயர்பொக்ஸும் வெப்அசெம்பிளிக்குள்ளேயே குப்பை சேகரிப்பைக் கொண்டுவந்தன. அதாவது வருகிற மொழி உலாவியின் சேகரிப்பானையே பாவிக்கலாம். டார்ட்டும் கொட்லின் என்ற மொழியும் அதில் ஏறிவிட்டன. கதவு மூடிய டார்ட் சன்னலால் வந்துவிட்டது. பைதனுக்கு அது உதவாது, அது சட்டியைத் தன் விதிப்படிதான் எண்ணும்.

இப்போது என்னைக் கேட்டால்: வகுப்புக்குப் பைதன், வியாபாரிக்கு ஜாவாஸ்கிரிப்ட். வியாபாரியின் வாடிக்கையாளர் போனில் பல எம்பி இறக்கி வைத்துவிட்டு என் மொழி ஆசையை நான் தீர்த்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளுக்கு எதிர்மாறு. பரீட்சைக்கு ஒரு மொழியும் போனுக்கு ஒரு மொழியும் என்றால் பாதிப் பேர் இரண்டாவது கிழமையே வரமாட்டார்கள்.

தம்பி சும்மா இருக்கவில்லை. எழுத்து எண்ணும் பக்கம் ஒன்று செய்து அனுப்பியிருக்கிறான், போனிலேயே. மைக்ரோபைதன், நடுவில் ஜாவாஸ்கிரிப்ட்டின் செக்மென்டரைக் கூப்பிட மூன்று வரி. விருந்தாளி வீட்டுக்காரரின் சட்டியை இரவல் வாங்கிச் சமைத்தமாதிரி. கொழும்பு நான்கு, யாழ்ப்பாணம் ஆறு, இரண்டும் சரி. அவனுடைய அம்மம்மாவின் பெயரில் 'ஸ்ரீ' இருக்கிறதாம். உலாவி அதை இரண்டு என்கிறது, அம்மம்மா ஒன்று என்கிறா. யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டிருக்கிறான். நான் அம்மம்மா பக்கம் என்று எழுதிப் போட்டுவிட்டேன், நிரலை அவன்தான் திருத்த வேண்டும்.